விலங்கு உருவக நாவலில் விடுதலையைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விலங்குகளை வைத்து எழுதிய அரசியல் நாவலைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். இந்தப் பன்றி இந்தத் தலைவர், இந்தக் குதிரை உழைக்கும் வர்க்கம், இந்த அண்டங்காக்கை மதகுரு. பட்டியல் சரியாகவே இருக்கும். ஆனால் அது முடியும் இடத்தில் கட்டுரையும் முடிந்துவிடும். அத்தனை தெரிந்த பிறகும் அந்தக் குதிரையை வண்டியில் ஏற்றும் பக்கத்தில் நெஞ்சு ஏன் கனக்கிறது என்ற கேள்விக்குப் பட்டியலில் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டி வேறு வழியில் போகிறது. இத்தகைய நாவல்களில் சுதந்திரம் என்ற கருப்பொருள் மேடைப் பேச்சில் இருப்பதைவிட விலங்கின் உடலில் அதிகம் இருக்கிறது. யார் தீனி வைக்கிறார், கழுத்தில் என்ன கட்டியிருக்கிறது, பால் எங்கே போகிறது, குட்டி யாருக்குச் சொந்தம் என்பவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் நாவல் தானாகத் திறக்கும். முக்கிய எடுத்துக்காட்டு, 1945 ஆகஸ்ட் 17 அன்று வெளியான ஜார்ஜ் ஆர்வெல்லின் விலங்குப் பண்ணை. மனித முதலாளியை விரட்டிவிட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்தத் தொடங்கும் விலங்குகள் மெல்லப் பன்றிகளின் ஆட்சிக்குள் சிக்கும் கதை அது. பத்தே அத்தியாயங்கள் கொண்ட சின்ன நாவல் என்பதால் முழுவதையும் மூன்று முறை படிக்க முடியும். வேறு நாவல்களும் இடையிடையே வரும்.

தேவையானவை: பென்சிலால் கோடு போடக்கூடிய சொந்தப் பிரதி, ஒரு நாற்பது பக்க நோட்டு, இரண்டு நிறப் பென்சில், இரண்டு வாரம்.

தொடங்கும் முன்: நம் கையில் இருக்கும் கருவி

உருவகக் கதையை அணுகத் தமிழ் இலக்கணத்திலேயே கூர்மையான கருவிகள் இருக்கின்றன. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை மட்டும் சொல்லி, சொல்லாததை வாசகர் உணரும்படி செய்வது பிறிதுமொழிதல் அணி. சங்கப் பாடல்களில் நிலத்தின் விலங்கும் பறவையும் மீனும் மனித நிலையைச் சொல்லாமல் சொல்வது உள்ளுறை. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் மரத்திலிருந்து உதிரும் மாம்பழத்தை வயல்குளத்து வாளைமீன் கவ்வுகிறது. தலைவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாதி அந்த மீனிலேயே வந்துவிடுகிறது.

நமக்கு இங்கே அதிகம் உதவுவது 500ஆம் குறள். வேலேந்திய வீரரையும் அஞ்சாத யானை, கால் புதையும் சேற்றில் சிக்கினால் அதை நரியே கொன்றுவிடும். இடம் அறியாத அரசன் என்ற சொல்லே குறளில் கிடையாது. யானை ஏன் புதைகிறது? அதன் எடையால். களத்தில் அதற்கு வலிமை தந்த அதே உடல்தான் சேற்றில் அதைக் கொல்கிறது. யானைக்குப் பதில் மானை அந்தச் சேற்றில் நிறுத்தினால் குறள் உயிரிழந்துவிடும். எந்த விலங்கு நாவலைக் கையில் எடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: விலங்கை மாற்றினால் பொருள் கெடுகிறதா? கெட்டால் அது உயிருள்ள உருவகம். கெடாவிட்டால் மனிதருக்கு விலங்கு வேடம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் படி: திறவுகோல் இல்லாமல் ஒரு வாசிப்பு

முன்னுரை, பின்னட்டை, இணையச் சுருக்கம் எதையும் பார்க்காமல் கதையைக் கதையாகப் படியுங்கள். விளிம்பில் இரண்டு குறிகள் போதும்: மனம் பதறிய இடத்தில் ஒரு கோடு, ஏதோ சரியில்லை என்று தோன்றியும் காரணம் புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. இந்தக் கேள்விக்குறிகள்தான் பிற்பாடு கட்டுரையின் முதுகெலும்பாகும்.

இந்தப் படியைத் தாண்டுபவர்களுக்கு நேர்வது இதுதான்: ஒவ்வொரு பக்கத்திலும் வரலாற்றுப் பெயரைத் தேடிக்கொண்டே போவதால், எந்தப் பெயரோடும் ஒட்டாத காட்சிகள் கண்ணில் படாமலே போய்விடும். விலங்குப் பண்ணையின் முதல் அத்தியாயக் கூட்டத்தில் எலிகள் நமக்குத் தோழர்களா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. எதிர்ப்பு நான்கு வாக்கு: மூன்று நாய்கள், ஒரு பூனை. அந்தப் பூனை இரண்டு பக்கமும் வாக்களித்திருந்தது பிறகு தெரியவருகிறது. இதற்கு நிகரான வரலாற்று நிகழ்வைத் தேட வேண்டியதில்லை. எல்லா உயிரும் ஒன்று என்ற முழக்கத்துக்குள் நாயும் பூனையும் நாயாகவும் பூனையாகவுமே இருக்கின்றன என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

இரண்டாம் படி: உடல் கணக்கு

நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து நான்கு பத்திகள் போட்டு, தீனி, கட்டு, உழைப்பு, குட்டி என்று தலைப்பிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் இவை தொடர்பான ஒவ்வொரு வரியையும் அத்தியாய எண்ணோடு குறியுங்கள்.

*தீனி.* விடுதலைக்கு மறுநாள் காலை பண்ணையின் சட்டமாக ஏழு கட்டளைகள் சுவரில் எழுதப்படுகின்றன. அதே காலையில் மடி கனத்து நிற்கும் பசுக்களைக் கறந்ததில் ஐந்து வாளி பால் சேர்கிறது. கோழிகள் தங்கள் தீவனத்தில் முன்பு கொஞ்சம் பால் கலப்பார்கள் என்று நினைவுபடுத்துகின்றன. பாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அறுவடைதான் முக்கியம் என்று பன்றித் தலைவன் நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறான். மாலையில் திரும்பும்போது பால் இல்லை. அத்தியாயம் அத்துடன் முடிகிறது. அந்தப் பால் பன்றிகளின் தீவனத்துக்குப் போனது அடுத்த அத்தியாயத்தில்தான் தெரியும். உதிர்ந்த ஆப்பிள்களும் அவற்றுக்கே என்று முடிவாகிறது. கதையின் திருப்புமுனை இந்தப் பாலும் ஆப்பிளும்தான் என்று ஆர்வெல்லே 1946இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். அப்போதே மற்ற விலங்குகள் எதிர்த்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்பது அவர் கருத்து. சுதந்திரம் பறிபோவதை நெப்போலியனின் நாய்கள் பாய்ந்து அவன் போட்டிப் பன்றி ஸ்னோபாலைத் துரத்தும் ஐந்தாம் அத்தியாயத்தில் தேடுபவர்கள் மூன்று அத்தியாயம் தாமதமாக வருகிறார்கள்.

*கட்டு.* விலங்கு என்ற சொல் தமிழில் மிருகத்தையும் குறிக்கும், கைவிலங்கையும் குறிக்கும். இந்தப் பத்தியை நிரப்பும்போது இரண்டு பொருளையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். கடிவாளம், மூக்கு வளையம், நாய்ச்சங்கிலி, சவுக்கு எல்லாவற்றையும் விலங்குகள் கிணற்றில் வீசுகின்றன, நெருப்பில் போடுகின்றன. அதே நெருப்பில் வண்டிக்குதிரை பாக்ஸர் தன் வைக்கோல் தொப்பியையும் கொண்டுவந்து போடுகிறது. அந்தத் தொப்பி யாரும் மாட்டிய தளை இல்லை. கோடையில் காதுகளில் ஈ மொய்க்காமல் இருக்க அது அணிந்தது. தனக்குப் பயன்பட்ட ஒன்றைக் கொள்கைக்காக எரிக்கும் அந்த உண்மையான மனம்தான் பின்னால் எளிதாகச் சுரண்டப்படுகிறது. நேர்மாறாக மோலி என்ற பெண்குதிரை ரிப்பனையும் சர்க்கரைக் கட்டியையும் விட முடியாமல் பண்ணையைவிட்டே போய்விடுகிறாள். இருவரையும் அருகருகே எழுதிவையுங்கள்.

கட்டு எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்காது. ஓநாயும் நாயும் சந்திக்கும் பழங்கதையை ரோமானியக் கவிஞர் பீட்ரஸ் பாடியிருக்கிறார். கொழுத்த நாயைப் பார்த்து, பசித்த ஓநாய் அதனுடன் வேலைக்குப் போகச் சம்மதிக்கிறது. வழியில் நாயின் கழுத்தில் மயிர் தேய்ந்திருப்பதைக் கவனித்துக் காரணம் கேட்கிறது. பகலில் கட்டிவைப்பார்கள் என்கிறது நாய். ஓநாய் திரும்பி நடக்கிறது. சங்கிலி அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. தேய்ந்த தோல் மட்டும்தான் இருக்கிறது. நாவலில் நீங்கள் தேட வேண்டியதும் அதுபோன்ற தேய்மானத்தைத்தான். ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972இல் வெளியிட்ட வாட்டர்ஷிப் டவுன் என்ற முயல் நாவலில் ஒரு வளை வருகிறது. அங்கே முயல்கள் கொழுத்து, மெருகேறி இருக்கும். உழவர் உணவைக் கொண்டுவந்து போடுவார், பகை விலங்குகளைச் சுட்டுவிடுவார். ஆனால் அங்கே ஒரு முயல் எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. சுற்றிலும் கம்பிக் கண்ணி இருக்கிறது. காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசுவது அங்கே வழக்கமில்லை. கேட்கக் கூடாத அந்தக் கேள்விதான் அங்கே தேய்ந்த தோல்.

*உழைப்பு.* வேலை நேரமும் பலனும் இரண்டும் வேண்டும். பாக்ஸர் சேவலிடம் தன்னை மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்பாக எழுப்பச் சொல்கிறது. பின்னர் அது முக்கால் மணி நேரமாகிறது. குதிரைக்குப் பன்னிரண்டு, பசுவுக்குப் பதினான்கு, நாய்க்கு ஒன்பது, ஆட்டுக்கு ஏழு, கோழிக்கு ஐந்து என்று ஓய்வு வயது முதலிலேயே முடிவாகியிருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்காக ஒதுக்கிய மேய்ச்சல் நிலம் பார்லி விதைக்கப் போய்விடுகிறது. இந்த எண்களை வரிசையாக எழுதினாலே ஒரு வாக்குறுதி எப்படிக் கரைகிறது என்பது புலப்படும்.

*குட்டி.* இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்பது நாய்க்குட்டிகளைப் பால்குடி மறந்ததும் நெப்போலியன் எடுத்துக்கொண்டுபோய்ப் பரணில் வைத்து வளர்க்கிறான். மற்றவர்கள் விரைவில் மறந்துவிடுகிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் பித்தளைக் குமிழ் பதித்த கழுத்துப்பட்டையோடு அவை திரும்பி வருகின்றன. கிணற்றில் வீசிய சங்கிலி வேறு உருவில் வந்துவிட்டது. ஏழாம் அத்தியாயத்தில் வாரம் 400 முட்டை விற்க ஒப்பந்தம் போடப்படுகிறது. கோழிகள் விட்டத்தில் பறந்து உட்கார்ந்து அங்கேயே முட்டையிட, அவை கீழே விழுந்து உடைகின்றன. தீனி நிறுத்தப்படுகிறது. ஐந்து நாள் தாக்குப்பிடிக்கின்றன, ஒன்பது கோழிகள் இறக்கின்றன. கோழிக்கு வேறு ஆயுதம் ஏது? தன் குஞ்சாக வேண்டியதைத் தானே உடைப்பதுதான் அதன் போராட்டம். இந்த ஒரு காட்சியில் நான்கு பத்திகளும் ஒன்றுசேர்கின்றன; இத்தகைய காட்சியைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரையின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: சொற்களின் மாற்றத்தைப் பின்தொடர்தல்

உடலைக் கட்டுவதற்கு முன் சொல்லைக் கட்டுகிறார்கள். மூன்றாம் வாசிப்பில் சட்டம், பாட்டு, முழக்கம், பெயர் ஆகியவை முதலில் வந்த வடிவத்தையும் கடைசியில் நின்ற வடிவத்தையும் எதிரெதிரே எழுதுங்கள். படுக்கையில் தூங்கக் கூடாது என்ற கட்டளை, விரிப்புள்ள படுக்கையில் கூடாது என்றாகிறது. குடிக்கக் கூடாது, அளவுக்கு மீறிக் கூடாது என்றாகிறது. கொல்லக் கூடாது, காரணமின்றிக் கூடாது என்றாகிறது. ஆங்கில மூலத்தில் இந்தச் சேர்க்கைகள் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். தமிழ் வாக்கிய அமைப்பில் அவை நடுவே நுழையும். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். முதல் நாள் ஸ்னோபால் ஏணியில் ஏறிக் கட்டளைகளை எழுதும்போது, சில படிகள் கீழே பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது, பின்னாளில் நெப்போலியனுக்காகப் பேசும் பன்றி ஸ்குவீலர். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு நள்ளிரவில் அதே சுவருக்குக் கீழே ஏணி இரண்டாக முறிந்து, வெள்ளைப் பெயின்ட் கொட்டி, தூரிகையோடு விழுந்து கிடப்பதும் ஸ்குவீலர்தான். விலங்குகள் பார்க்கின்றன, ஆனால் எதுவும் விளங்கவில்லை. பாக்ஸருக்கு நான்காம் எழுத்துக்கு மேல் ஏறவில்லை. பெண்குதிரை குளோவருக்கு எழுத்துகள் தெரிந்தாலும் கூட்டிப் படிக்க வராது. பன்றிகளுக்கு நிகராகப் படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின் படிக்க மறுக்கிறது. அது முதன்முறையாக வாய்விட்டுப் படிப்பது, பாக்ஸரை ஏற்றிச் செல்லும் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் குதிரை வெட்டுபவர் பெயர். அப்போது எல்லாம் கைமீறிவிட்டது. தெரிந்தும் வாய் திறக்காதவரைப் பற்றி ஒரு பத்தி எழுத விரும்பினால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தீனி குறைக்கப்படும்போது குறைப்பு என்ற சொல்லையே ஸ்குவீலர் பயன்படுத்துவதில்லை, மறுசீரமைப்பு என்கிறது. இவ்வாறான சொல்மாற்றம் மூன்று கிடைத்தாலே போதும், தனிப் பத்தியாக்கலாம்.

நான்காம் படி: எந்த விடுதலை என்று பிரித்தல்

விடுதலை, சுதந்திரம், தன்னாட்சி மூன்றையும் ஒரே பொருளில் கலந்து எழுதுவதுதான் மாணவர் கட்டுரைகளில் அதிகம் காணும் கோளாறு. இந்தக் கட்டுரைக்குள் மட்டுமாவது இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். விடுதலை ஒரு நாளில் நடக்கும் நிகழ்ச்சி: பசித்த பசு கொட்டகைக் கதவைக் கொம்பால் உடைத்த நொடி. சுதந்திரம் நாள்தோறும் வாழும் நிலை: விளைந்ததைத் தின்னலாம், வேண்டாதபோது ஓய்வெடுக்கலாம். தன்னாட்சி முடிவெடுக்கும் உரிமை: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாக்களிப்பது.

இப்படிப் பிரித்ததும் நாவலின் வடிவம் தெளிகிறது. விடுதலை இரண்டாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. சுதந்திரத்தின் இனிமை மூன்றாம் அத்தியாயத்தில் உண்மையாகவே இருக்கிறது. அந்த அறுவடையின் மகிழ்ச்சியைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். தன்னாட்சி ஐந்தாம் அத்தியாயத்தில் ஞாயிறு கூட்டங்களோடு நின்றுபோகிறது. ஆண்டு விழாக்களும் கொடியும் மட்டும் அதன்பின் பெருகிக்கொண்டே போகின்றன.

எல்லா நாவலும் இந்த வரிசையில் போகாது. பெருமாள்முருகனின் 2016 நாவல் பூனாச்சியில் வெள்ளாட்டுக்குட்டிக்கு விடுதலை என்ற நிகழ்ச்சியே இல்லை. வளர்ப்பவர்கள் அன்பானவர்கள்தான். ஆனாலும் குட்டியை அரசாங்கத்திடம் காட்டி, வரிசையில் காத்திருந்து, காது குத்தி அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காதில் விழும் அந்தத் துளை அன்பின் வீட்டுக்குள்ளும் ஆட்சி வந்துவிட்டதைக் காட்டுகிறது. அங்கே கட்டு, குட்டி என்ற இரண்டு பத்திகளும் நிரம்பி வழியும். முழக்கம் பற்றிய தாள் ஏறக்குறைய காலியாக இருக்கும். காலியாக இருப்பதும் ஒரு கண்டுபிடிப்பே, அதையும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது வரலாற்றுத் திறவுகோல்

இவ்வளவுக்குப் பிறகு பட்டியலுக்கு வரலாம். நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால் அவருடைய போட்டியாளர் ட்ரொட்ஸ்கி. விலங்குகள் கட்டும் காற்றாலை சோவியத் ஐந்தாண்டுத் திட்டங்களை நினைவூட்டுவது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஃப்ரெடரிக்கோடு செய்யும் மர வியாபாரம் 1939 நாஜி-சோவியத் உடன்பாடு. பன்றிகளும் மனிதர்களும் ஆடும் கடைசிச் சீட்டாட்டம் 1943 தெஹ்ரான் மாநாடு. இந்தக் காலப் பின்னணி எழுத்தை எவ்வளவு அழுத்தியது என்பதும் தெரிய வேண்டும். போரில் சோவியத் நாடு பிரிட்டனின் நேச நாடாக இருந்ததால் 1944இல் பல பதிப்பகங்கள் நூலை மறுத்தன. காற்றாலை வெடிக்கும் காட்சியில் எல்லா விலங்குகளும் தரையில் விழுந்தன என்று இருந்ததை, நெப்போலியனைத் தவிர என்று ஆர்வெல் அச்சுக்குப் போகும் முன் திருத்தச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கியபோதும் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும் என்பது காரணம்.

திறவுகோலுக்குக் கட்டுரையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் இடம் தராதீர்கள். எழுத்தாளர் தன் கதை உருவகமே இல்லை என்று மறுத்தாலும் கவனமாக இருங்கள். முயல் நாவலைப் பற்றி ஆடம்ஸ் அப்படித்தான் சொன்னார். அப்போது இன்னார்தான் இந்த முயல் என்று எழுதுவதை விட்டுவிட்டு, உடல் கணக்கு காட்டுவதை மட்டும் எழுதினால் கட்டுரைக்குப் பழுது வராது.

ஆறாம் படி: உருவகம் உடையும் இடம்

பட்டியலில் ஒட்டாத இடங்களைத் தேடுங்கள். லெனினுக்கு நேர் நிகரான பாத்திரம் இந்த நாவலில் இல்லை. கிழட்டுப் பன்றி மேஜரில் மார்க்ஸும் லெனினும் கலந்திருக்கிறார்கள். பாக்ஸரை உழைக்கும் வர்க்கம் என்று எழுதிவிட்டு நகர்ந்தால், வண்டிக்குள்ளிருந்து கேட்கும் குளம்புச் சத்தத்தை என்ன செய்வது? பழைய வலிமை இருந்தால் சில உதையிலேயே அந்த வண்டி சிதறியிருக்கும் என்று கதை சொல்கிறது. சத்தம் தேய்ந்து, நின்றுபோகிறது. ஒரு வர்க்கத்துக்கு இப்படி மூச்சு வாங்காது. அது வயதான, நுரையீரல் கெட்டுப்போன ஒரு குதிரை. 500ஆம் குறளின் யானையைப் போல வலிமையும் வீழ்ச்சியும் ஒரே உடம்பில் இருக்கின்றன. முதல் வாசிப்பில் போட்ட கோடுகள் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் விழுந்திருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: கட்டுரையாக்குதல்

1,500 சொல் கட்டுரைக்கு ஏற்ற பங்கீடு: கருத்துரை 150, உடல் கணக்கிலிருந்து இரண்டே காட்சிகள் 600, சொல்மாற்றம் 350, வரலாறு 200, உடையும் இடம் 200. ஆறேழு காட்சிகளை அள்ளிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிதான் கிடைக்கும்; அது கதைச்சுருக்கமாகப் போய்விடும்.

கருத்துரை வாக்கியத்தைப் பலமுறை திருத்துங்கள். இந்த நாவல் சுதந்திரத்தின் முக்கியத்துவத்தை வலியுறுத்துகிறது என்பது எந்த நாவலுக்கும் பொருந்தும், ஆகவே இதற்குப் பொருந்தாது. இப்படி எழுதிப் பாருங்கள்: பண்ணையில் சுதந்திரம் ஐந்து வாளிப் பாலோடு மறுநாளே கைமாறிவிட்டது, சுவரில் பின்னர் நடக்கும் திருத்தங்கள் அந்தக் கைமாற்றத்துக்குச் சட்ட வடிவம் தருகின்றன. இதை ஒருவர் மறுத்து வாதிடலாம். தன்னாட்சி இருந்த ஐந்தாம் அத்தியாயம் வரை எல்லாம் மீட்கக்கூடியதாகவே இருந்தது என்று அவர் கூறலாம். மறுக்க இடம் இருப்பதால்தான் அது கருத்து.

காட்சியை விளக்கும்போது விலங்கின் வினைச்சொல்லை மாற்றாதீர்கள். கோழிகள் எதிர்ப்புத் தெரிவித்தன என்று எழுதினால் விட்டமும் இல்லை, உடைந்த முட்டையும் இல்லை. பறந்து ஏறின, முட்டையிட்டன, அவை தரையில் விழுந்து உடைந்தன என்று முதலில் எழுதுங்கள். எதிர்ப்பு என்ற சொல் அதற்கு அடுத்த வாக்கியத்தில் வரட்டும்.

முடித்த பிறகு கட்டுரையில் உள்ள விலங்குப் பெயர்களை எல்லாம் ஒரு நிறத்திலும் தலைவர்கள், நாடுகளின் பெயர்களை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். இரண்டாம் நிறம் அதிகமாகத் தெரியும் பத்தியை எடுத்து, நோட்டின் நான்கு பத்திகளுக்குத் திரும்பிப் போய், மறுபடி எழுதுங்கள்.